புள்ளும் விண்மீனும்: நியூயார்க்கு நடுவண் பூங்காவின் வரலாற்றில் ஒரு கூறு

ஒரு பெருநகரின் வரலாற்றை ஆட்சியாளர், வணிகர் ஆகியோரின் செயல்களைக் கொண்டு எழுதுதல் பெருவழக்கு. அந்நகரத்தார் ஓய்வுப் பொழுதில் எவற்றை நோக்கி மகிழ்ந்தனர் என்பதும் வரலாற்றுக்குரிய பொருளேயாகும். அமெரிக்க நாட்டின் நியூயார்க்கு நகரில், மன்காட்டன் தீவின் நடுவே ‘சென்டிரல் பார்க்’ எனப்படும் நடுவண் பூங்கா அமைந்துள்ளது. கோடைக்காலத்தில் பகலொளி மங்குமளவும் பறவைகளையும், இருட்டிய பின்னர் விண்மீன்களையும் நோக்கி மகிழ்வோர் அங்கு உளர். இவை தம்முள் தொடர்பற்ற இரு பொழுதுபோக்குகள் போலத் தோன்றும். ஆயினும் அவ்விரண்டும் நெருங்கிய தொடர்புடையன என்பதையும், இரண்டற்கும் ஒருங்கே ஊறு செய்வது நகரின் இரவு விளக்கொளியே என்பதையும் இக்கட்டுரை ஆராயும்.

பூங்காவின் தோற்றம்

இப்பூங்கா இயற்கையாய் அமைந்த காடன்று. மாந்தர் வகுத்து அமைத்தது. பிரெடரிக் லா ஆம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் என்னும் இருவர் வகுத்த திட்டம் 1858ஆம் ஆண்டில் போட்டி வழியே தேர்ந்தெடுக்கப்பெற்றது. அதற்கு முன்னரே, 1857இல், அந்நிலத்தில் வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். கறுப்பின மக்கள் பலர் சொந்த நிலமும் வீடும் பெற்று வாழ்ந்த செனக்கா என்னும் சிற்றூர் அவ்வாறு மறைந்தது. பூங்காவின் அழகைப் பேசுவோர் இவ்விழப்பையும் மறத்தலாகாது.

843 ஏக்கர்ப் பரப்பில் ஏரியும் புல்வெளியும் மரச்செறிவும் திட்டமிட்டு உண்டாக்கப்பட்டன. அவற்றுள் ‘ராம்பிள்’ எனப்படும் பகுதி வளைந்து செல்லும் நடைவழிகளும் அடர்ந்த மரங்களும் உடையது. மக்கள் உலாவுதற்கென வகுத்த இப்பகுதியே பிற்காலத்தில் பறவை நோக்குவோர் விரும்பும் இடமாயிற்று. இதற்குக் காரணம் யாது? அட்லாண்டிக் கடற்கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாக வலசை போகும் பறவைகளின் வழியில் இந்நகர் அமைந்துள்ளது. அப்பறவைகளுட் பல இரவிலேயே பறப்பன. விடியலில் இறங்க இடம் தேடுங்கால், கல்லும் கண்ணாடியுமாய்ப் பரந்த நகரின் இடையே இப்பசும்பரப்பு அவற்றுக்குப் புகலிடமாகின்றது. இதுகாறும் 270க்கு மேற்பட்ட பறவையினங்கள் இங்குக் காணப்பட்டுள்ளன என்பது கருதத்தக்கது.

பறவை நோக்கின் வளர்ச்சி

பறவைகளை அன்போடு நோக்கும் வழக்கம் அந்நகரில் எளிதில் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மகளிர் தொப்பிகளை இறகுகளாலும் பறவையுடல்களாலும் அணிசெய்தல் நாகரிகமாயிருந்தது. 1886ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்பார் நியூயார்க்குத் தெருக்களில் நடந்து, தாம் கண்ட தொப்பிகளை எண்ணிக் குறித்தார். ஏறத்தாழ 700 தொப்பிகளுள் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை இறகு சூடியிருந்தன. அவர் பின்னர்ப் பூங்காவின் மேற்கெல்லையை அடுத்துள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற் பணிபுரிந்தார். கிறித்துமசு நாளிற் பறவைகளைச் சுட்டு விளையாடும் வழக்கிற்கு மாற்றாக அவற்றை எண்ணிக் குறிக்கும் முறையை 1900இல் தொடங்கிவைத்தவரும் அவரே. முதன்முறை கணக்கெடுத்த 25 இடங்களுள் நடுவண் பூங்காவும் ஒன்று.

பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையிற் கொண்டாலன்றி அதன் இனத்தை உறுதி செய்தல் இயலாது என்பது முற்காலத்து அறிஞர் கொள்கை. நிறம், வடிவு, பறக்கும் இயல்பு, குரல் ஆகியவற்றால் உயிருள்ள பறவையையே இனங்காணலாம் என்பதை நிலைநாட்டியவருள் முதன்மையானவர் லட்லோ கிரிஸ்கம். நியூயார்க்கு வட்டாரப் பறவைகள் பற்றிய அவர் நூல் 1923இல் வெளிவந்தது. அதற்கு முன் 1918இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டமும் நிறைவேறியிருந்தது. துப்பாக்கி இருந்த கையில் இருகண் நோக்கி இடம்பெற்ற மாற்றம் இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தது.

விண்மீன் நோக்கின் வளர்ச்சி

வான் நோக்கின் வரலாற்றிலும் அவ்வருங்காட்சியகத்திற்கு இடமுண்டு. நியூயார்க்கு வானியல் ஆர்வலர் சங்கம் 1927இல் தோன்றிற்று. பொது இடங்களில் தொலைநோக்கிகளை நிறுவிக் கட்டணமின்றி வானைக் காட்டுதலை அச்சங்கத்தார் தொண்டாகக் கொண்டனர். 1935இல் அருங்காட்சியகத்தை ஒட்டி ஹேடன் கோளரங்கம் திறக்கப்பட்டது. அதன் ஒளிப்பொறியை வாங்கப் பொருளுதவியவர் சார்லஸ் ஹேடன் என்னும் செல்வர்.

இதற்கு அரை நூற்றாண்டு முன்னர், 1882இல், எடிசன் நிறுவிய மின்நிலையம் அந்நகரில் இயங்கத் தொடங்கியிருந்தது. மின்விளக்குகள் பெருகப் பெருக வானத்து மீன்கள் மங்கின. இருண்ட நாட்டுப்புறத்தில் ஒரே பொழுதில் ஈராயிரத்திற்கு மேற்பட்ட மீன்களைக் காணலாம். நகரப் பூங்காவிலோ பேரொளி மீன்கள் சிலவே புலனாகும். கோடை இரவில் அங்குத் தெளிவாய்த் தெரிவன வேகா, ஆல்டேர், டெனப் என்னும் மும்மீன்கள். இவற்றுள் வேகாவை அபிசித்து எனவும், ஆல்டேரைத் திருவோணம் எனவும் நம் நாட்டார் வழங்குவர்.

இரண்டையும் இணைக்கும் நூல்

பறவைக்கும் விண்மீனுக்கும் உள்ள தொடர்பு யாது? இரவில் பறக்கும் பறவைகளுட் சில விண்மீன்களைக் கொண்டே திசையறிகின்றன என்பதே விடையாகும். செருமானிய அறிஞர் சாவர் 1950களில் கோளரங்கினுள் பறவைகளை வைத்து இதனை ஆராய்ந்தார். அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் எம்லன், இண்டிகோ பண்டிங் எனப்படும் நீலச் சிறுபறவையைக் கொண்டு அவ்வாராய்ச்சியை வளர்த்தார். 1970இல் வெளிவந்த அவர் முடிவு வியப்பூட்டுவது. கூண்டில் வளர்த்த இளம்பறவைகளுக்கு, வடமீனைச் சுற்றாது, நாம் திருவாதிரை என வழங்கும் மீனைச் சுற்றிச் சுழலும் பொய்வானம் காட்டப்பட்டது. தெற்கு நோக்கிச் செல்லும் பருவம் வந்ததும் அவை திருவாதிரையையே வடமீனாகக் கொண்டு அதற்கு எதிர்த்திசையை நாடின. வானம் சுழலும் மையத்தை இளமையிற் கண்டு கற்றே பறவை வழியறிகின்றது என்பது இதனால் பெறப்படும். நடுவண் பூங்காவிற்கு வந்து செல்லும் பறவைகளுள் இந்நீலப்பறவையும் ஒன்று.

எனவே வானத்தை மறைக்கும் ஒளி பறவையின் வழிக்கும் இடையூறாதல் இயல்பே. அன்றியும், பேரொளி பறவைகளைத் தன்பால் ஈர்த்து மயக்கும். விடுதலைச் சிலை 1886 முதல் 1902 வரை கலங்கரை விளக்காகப் பயன்பட்டது. அக்காலத்தில் ஒரே இரவில் ஆயிரத்திற்கு மேற்பட்ட பறவைகள் மோதி மாண்டதுண்டு. ஆண்டுதோறும் செப்டம்பர் 11ஆம் நாள் அந்நகரில் நினைவொளிக் கற்றைகள் வானில் எழுப்பப்படுகின்றன. அவை ஏழு இரவுகளில் ஏறத்தாழ 11 இலட்சம் பறவைகளின் போக்கை மாற்றின என 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்தவுடன் பறவைகள் கலைந்து தம் வழிச் சென்றன என்பதும் அவ்வாய்வின் முடிபாகும். கண்ணாடிச் சுவர்களில் மோதி அந்நகரில் ஆண்டுதோறும் 90,000 முதல் 2,30,000 வரை பறவைகள் மாள்வதாகவும் கணக்கிடப்பட்டுள்ளது.

முடிவுரை

இக்கேட்டிற்கு மாற்று இல்லாமலில்லை. புதிய கட்டடங்களிற் பறவைகளுக்குப் புலனாகும் கண்ணாடியே அமைத்தல் வேண்டும் என்னும் சட்டத்தை 2019 டிசம்பரில் மாநகர மன்றம் நிறைவேற்றிற்று. வலசைப் பருவத்தில் நள்ளிரவுக்குப் பின் விளக்கணைக்குமாறு கட்டட உரிமையாளரை வேண்டும் இயக்கமும் நடைபெற்று வருகின்றது. 2003 ஆகஸ்டு 14ஆம் நாள் மின்னோட்டம் தடைப்பட்டு நகரம் இருளில் மூழ்கிய இரவில், அந்நகரத்தார் பலர் தாம் முன்பு காணாத மீன்களைக் கண்டனர். ஆற்று நீரும் மண்ணும் மாசுற்றால் தூய்மை பெற நெடுங்காலம் ஆகும். ஒளிமாசோ விளக்கை அணைத்த அப்பொழுதே நீங்கும்.

நடுவண் பூங்காவிற் கோடை மாலையில் மரக்கிளையை நோக்குவோரும், அதன் பின் வானை நோக்குவோரும் வெவ்வேறு கூட்டத்தாராகவே இதுகாறும் எண்ணப்பட்டனர். ஆகஸ்டு மாதத்தில் தெற்கு நோக்கிப் புறப்படும் பறவைக்கு அவ்விரு கூட்டத்தாரும் ஒருங்கே துணையாதல் கூடும். இரவின் இருளைக் காத்தலும் பூங்காவைக் காத்தலின் ஒரு பகுதியே என்பது இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் உண்மையாகும்.