நூலிலிருந்து நூலாசிரியருக்கு: ஞானபீட விருது மாறிய வழி

சாகித்திய அகாதெமி 1955-இல் விருது வழங்கத் தொடங்கியபோது மொழிக்கு ஒரு பரிசு என்று வகுத்துக்கொண்டது. தமிழ் நூல்களைத் தமிழறிந்தவர்கள் படித்தார்கள், ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’ முதல் பரிசு பெற்றது. பத்தாண்டு கழித்து வந்த ஞானபீட விருது இதைவிடக் கடினமான ஒன்றுக்குத் துணிந்தது. தமிழ், அசாமி, உருது, கன்னட நூல்களை ஒரே மேசையில் வைத்து, எதற்குப் பரிசு என்று தீர்மானிக்க முற்பட்டது. தான் படிக்கவே தெரியாத மொழியின் நூலை ஒருவர் எப்படி மதிப்பிடுவார்? விருதின் வரலாறு நெடுகிலும் இந்தக் கேள்விதான் வெவ்வேறு வடிவில் திரும்பி வருகிறது.

விருதை நிறுவிய பாரதிய ஞானபீடம் 1944-இல் காசியில் தோன்றியது. தொழிலதிபர் சாகு சாந்தி பிரசாத் ஜெயினும் அவர் மனைவி ரமா ஜெயினும் தொடங்கிய அமைப்பு அது. பிராகிருதம், சமஸ்கிருதம், அபபிரம்சம் ஆகிய மொழிகளில் கிடந்த சமண நூல்களைப் பதிப்பிப்பது அதன் முதற்பணி. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் தமிழ்ச் சமண இலக்கிய வரலாற்று நூலை 1974-இல் திருத்திய பதிப்பாகக் கொண்டுவந்ததும் இந்த அமைப்பே. விருதைப் பற்றி எழுதுபவர்கள் இந்தப் பதிப்பு மரபைத் தொடாமலே கடந்து விடுகிறார்கள். சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, எழுத்தெழுத்தாகப் படித்துப் பழகிய இடத்தில் பிறந்த விருது இது என்பதை மறந்துவிடக் கூடாது.

1961 மே 22 அன்று, சாந்தி பிரசாத் ஜெயினின் ஐம்பதாவது பிறந்தநாளில், விருது பற்றிய எண்ணம் குடும்பத்தாரிடையே எழுந்தது. செப்டம்பரில் ரமா ஜெயின் அதை அறங்காவலர் கூட்டத்தில் முன்வைத்தார். 1962 ஏப்ரல் 2 அன்று பல மொழிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 எழுத்தாளர்கள் டெல்லிக்கு அழைக்கப்பட்டனர். அன்றைய இரு அமர்வுகளில் ஒன்றுக்குத் தலைமை வகித்தவர் திருவாரூரில் பிறந்த சமஸ்கிருத அறிஞர் வே. ராகவன். தேர்வுக் குழுவின் முதல் கூட்டத்தை 1963 மார்ச் 16 அன்று நடத்த ராஜேந்திர பிரசாத் நாள் குறித்திருந்தார். பிப்ரவரி 28 அன்று அவர் காலமானார். காகா காலேல்கர் கூட்டத்தை நடத்த, சம்பூர்ணானந்த் குழுவின் தலைவரானார்.

முதல் விருது 1965-ஆம் ஆண்டுக்கு. பெற்றவர் மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குறுப்பு, நூல் ‘ஓடக்குழல்’. தொகை ஒரு லட்சம் ரூபாய். அகாதெமி அப்போது கொடுத்து வந்தது ஐயாயிரம். பத்திரிகைகள் தொகையைப் பேசியது இயல்பே. ஆனால் விருதின் உண்மையான பளு வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு மொழிக்கும் மூவர் கொண்ட ஆலோசனைக் குழு. அதன் பரிந்துரைகள் பல மொழி அறிஞர்கள் அமர்ந்த தேர்வுக் குழுவுக்குப் போகும். போட்டியில் எஞ்சும் எழுத்தை முழுமையாகவோ பகுதியாகவோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துத் தர வேண்டும். குழுவினரில் பலரும் கண்டது மொழிபெயர்ப்பைத்தான். எனவே, பெயர் வெளியே தெரியாத மொழிபெயர்ப்பாளர்தான் இந்த விருதின் முதல் நடுவர் என்பேன்.

1965 முதல் 1981 வரை பதினேழு முறையும் விருது ஒரு குறிப்பிட்ட நூலுக்கே வழங்கப்பட்டது. தொடக்கத்தில் பழைய நூல்களே வந்தன. தாராசங்கர் பந்தோபாத்யாயின் ‘கணதேவதா’ வெளியானது 1942-இல், விருது பெற்றது 1966-இல். குவெம்புவோடு 1967-இல் பரிசைப் பகிர்ந்துகொண்ட உமாசங்கர் ஜோஷியின் ‘நிசீத்’ 1939-இல் வந்த தொகுப்பு. பிறகு இந்த இடைவெளி குறைந்தது. ஆஷாபூர்ணா தேவியின் ‘பிரதம பிரதிஸ்ருதி’ பன்னிரண்டு ஆண்டில் பரிசு பெற்றது, பொற்றேகாட்டின் ‘ஒரு தேசத்தின் கதை’ ஒன்பதே ஆண்டில்.

ஆஷாபூர்ணா 1976-இல் பெற்றதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஞானபீடம் பெற்ற முதல் பெண் அவர்; பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அந்த நாவலின் நாயகி சத்தியவதி சிறுமியாக மணமுடிக்கப்பட்டவள், அடம்பிடித்து எழுத்தறிந்தவள். தன் மகளையும் ஒன்பது வயதில் தனக்குத் தெரியாமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று அறிந்ததும் வீட்டை விட்டே வெளியேறுகிறாள். வங்காளத்துச் சமையற்கட்டில் நடக்கும் இந்தக் கதையைப் படிக்கத் தஞ்சாவூர் வாசகிக்கு ஒரு முன்னுரையும் தேவையில்லை. விருது நூலுக்கு என்றிருந்தபோது, ‘எந்த நூல்?’ என்று கேட்டு வாங்கிப் படிக்க வாசகருக்கு வழி இருந்தது. காண்டேகரின் ‘யயாதி’ 1974-இல் பரிசு பெற்றபோது தமிழர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. புண்ணியத்தால் அந்த மராட்டியர் வெகுகாலமாகவே நம் வீட்டு எழுத்தாளராக இருந்தார். அடுத்த ஆண்டு அகிலனின் ‘சித்திரப்பாவை’ தமிழுக்கு முதல் ஞானபீடத்தைக் கொண்டுவந்தது.

1982-இல் விதி மாறியது. மகாதேவி வர்மாவிலிருந்து விருது எழுத்தாளரின் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்கு என்றானது. இதற்கு நியாயம் உண்டு. ஒரே பெரிய நூலில் அடங்காதவர்கள் பலர். 2002-க்கான விருதைப் பெற்ற ஜெயகாந்தனையே எடுத்துக்கொள்வோம். சிறுகதையா, குறுநாவலா, நாவலா என்று அவரில் எதைத் தனியே பிரித்து முன்வைப்பது? ஆனாலும் இந்த மாற்றத்தில் பெரிய இழப்பு நேர்ந்தது என்பதே என் கருத்து. ஒரு நூலைப் பெயர்த்துவிடலாம், படித்துவிடலாம், ஒப்புக்கொள்ளாமல் வாதிடவும் செய்யலாம். நாற்பது ஆண்டு எழுத்தை அப்படிப் பெயர்த்து மேசையில் வைக்க முடியாது. அங்கே எழுத்தைவிடப் புகழே முன்னால் போய் நிற்கும், புகழுக்கோ மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

மொழிவாரிக் கணக்கு இந்த ஐயத்தை வலுவாக்குகிறது. 2024 வரையிலான பட்டியலில் இந்தி எழுத்தாளர்கள் பன்னிருவர், கன்னடர் எண்மர், மலையாளிகள் அறுவர். தமிழர் இருவர், இடையில் 27 ஆண்டுகள். காஷ்மீரிக்கு ரஹ்மான் ராஹி ஒருவரே. சிந்தி, நேபாளி, மைதிலி, டோக்ரி, மணிப்புரி, போடோ, சந்தாலி மொழிகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்துக்கோ 2018-இல் அமிதவ் கோஷ் வழியாக இடம் கிடைத்தது. பரிசு பெற்ற மொழி அடுத்த இரண்டு ஆண்டுகள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதியும் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவில்லை. இந்தி எழுத்து மூலத்திலேயே குழுவின் முன் போகிறது. சந்தாலி எழுத்து போக வேண்டுமானால் முதலில் அதைப் பெயர்க்க ஒருவர் வேண்டும்.

விருதோடு தரப்படும் வெண்கல வாக்தேவி வடிவத்துக்கு முன்மாதிரி, மாளவத்துத் தார் நகரில் கண்டெடுக்கப்பட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள சிற்பம் என்பர். சிற்பத்தின் அடியில் கல்வெட்டு இருக்கிறது. அதை வரிவரியாகப் படித்த ஆய்வாளர்கள், வாக்தேவியைச் செய்தபின் செதுக்கப்பட்ட சமண அம்பிகையே இது என்று காட்டினார்கள். சமண நூல்களைப் பதிப்பிக்கத் தோன்றிய அமைப்பின் விருதுக்கு இதில் அன்னியமாக எதுவும் இல்லை.

சங்கர குறுப்பு தமக்குக் கிடைத்த தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு 1968-இல் ஓடக்குழல் விருதை நிறுவினார். அவர் 1978 பிப்ரவரி 2 அன்று மறைந்தார். அந்த நாளில் ஆண்டுதோறும் வழங்கப்படும் அந்த விருது, இன்றும் மலையாளத்தில் வெளிவந்த ஒரு நூலுக்கே போகிறது.