பத்து நிமிட அபராதமும் ஒரு பஞ்சர் கடையும்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. அச்சிறுபாக்கம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் காத்துப் போன சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தேன். காலை 6 மணிக்குச் சென்னையில் கிளம்பி விழுப்புரம் வரை போய்த் திரும்பும் 300 கிலோமீட்டர் பிரெவே. 205 கிலோமீட்டர் முடிந்திருந்தது. கொண்டுவந்த இரண்டு மாற்று டியூபும் செலவாகிவிட்டன. பஞ்சர் ஒட்டுகிற பசை காய்ந்து கட்டியாகியிருந்தது.

மதுராந்தகத்தில் என் மச்சான் இருக்கிறார், அவரும் சைக்கிள் ஓட்டுகிறவர். போனில் சொன்னதும், "மாமா, அங்கேயே நில்லுங்க. டியூப் எடுத்துக்கிட்டு பைக்ல இருபது நிமிஷத்துல வந்துடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஒரு கன்ட்ரோலுக்கும் அடுத்த கன்ட்ரோலுக்கும் நடுவில் நமக்கென்று ஓர் ஆள் வந்து உதவக் கூடாது என்பது விதி. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்திரில யாரு மாமா பார்க்கப் போறாங்க?"

நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வந்தபிறகும் அது என்னை விடவில்லை. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி எனக்கே ஆச்சரியம்.

ஆரம்பம் 1891. 'லெ பெத்தி ஜூர்னால்' என்ற பாரிஸ் நாளிதழின் ஆசிரியர் பியேர் ஜிஃபார், பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் ஒரு போட்டியை அறிவித்தார். சுமார் 1200 கிலோமீட்டர். இருநூறு பேருக்குமேல் கிளம்பி, ஏறக்குறைய நூறு பேர்தான் முடித்தார்கள். ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் ஜெயித்தார். கிளம்பிய சைக்கிளிலேயே முடிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சைக்கிளுக்கும் முத்திரை போட்டார்கள். ஆனால் முன்னால் ஓட்டிக் காற்றை மறைக்கக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்! சைக்கிள் ஒன்றே இருக்க வேண்டும், ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் பரவாயில்லை. 'தன் கையே தனக்குதவி' இன்னும் பிறக்கவில்லை.

அதைக் கடுமையான சட்டமாக்கியவர் 'லோட்டோ' பத்திரிகையின் ஆசிரியர் ஆன்ரி தெக்ரான்ஜ். 1903-இல் டூர் தெ பிரான்ஸ் போட்டியைத் தொடங்கியவர். அவருடைய போட்டியில் சைக்கிள் உடைந்தால் ஓட்டுகிறவரே சரிசெய்ய வேண்டும். 1913-இல் ஐரோப்பாவே பேசிய சம்பவம் நடந்தது. பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது ஓஜேன் கிரிஸ்டோஃப் என்ற வீரரின் சைக்கிள் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்குமேல் நடந்து செந்த்-மரி-தெ-காம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறைக்குப் போனார். அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, மணிக்கணக்கில் தன் கையாலேயே இரும்பை அடித்து ஃபோர்க்கைச் சரிசெய்தார். நெருப்புக்குத் துருத்தி ஊதியது மட்டும் ஒரு சின்னப் பையன். அந்தக் குற்றத்துக்கு 10 நிமிட அபராதம்! (பிறகு குறைத்தார்கள்.)

இதுவரை படித்தபோது மச்சான் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. இது ஒழுக்கமா, வெறும் கெடுபிடியா?

கதை அதோடு முடியவில்லை. போட்டி இல்லாத நீண்டதூரப் பயணம் என்ற கிளையும் பக்கத்திலேயே வளர்ந்துகொண்டிருந்தது. 1897-இல் சில இத்தாலியர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரே பகலில் ஓட்டினார்கள். அதிலிருந்து வந்த பெயர்தான் 'ஆடாக்ஸ்'. லத்தீனில் துணிச்சல்காரன் என்று அர்த்தம். 1904-இல் தெக்ரான்ஜ் இதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அவர் முறையில் ஒரு தலைவர் வேகம் பிடிக்க, எல்லோரும் கூட்டமாகவே ஓட்ட வேண்டும். 1921-இல் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் அவரோடு முறித்துக்கொண்டது. அவரவர் வேகத்தில் ஓட்டும் பிரெவேயை அதே வருஷம் தொடங்கியது. இன்றைக்கு நாம் சென்னையில் ஓட்டுவது அதன் வாரிசுதான். அந்த கிளப்தான் இப்போதும் நம் முடிவுகளைச் சரிபார்த்துப் பதிவு செய்கிறது.

புதிய ஏற்பாட்டில் பரிசும் இல்லை, தரவரிசையும் இல்லை. 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. அதற்குள் வந்தால் எல்லோரும் சமம். கன்ட்ரோலுக்குத் திறக்கும் நேரமும் உண்டு. 200 கிலோமீட்டரை 5 மணி 53 நிமிடத்துக்குள் முடித்துவிட்டு வந்து நின்றால், கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்! புரோகிராம் எழுதுகிறவனாக எனக்குப் பிடித்த இடம் இது. வேகத்துக்கு மேல்வரம்பு வைத்த விளையாட்டு வேறு எதுவும் எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை.

உதவி பற்றிய விதியும் இங்கேதான் குணம் மாறுகிறது. வழியில் டீக்கடையில் சாப்பிடலாம், சைக்கிள் கடையில் ரிப்பேர் பண்ணலாம், கூட ஓட்டுகிறவர் டியூப் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். பின்னாலேயே வரும் கார், போன் பண்ணினால் ஓடிவரும் மச்சான், இதெல்லாம் கூடாது. தெக்ரான்ஜ் சொன்னது 'யாரும் தொடக் கூடாது'. பிரெவே சொல்வது, என் வாசிப்பில், 'அந்த ரோட்டில் எல்லோருக்கும் கிடைக்காத உதவி உனக்கும் வேண்டாம்'. முன்னது தனிமனிதனைச் சோதிக்கிறது. பின்னது சொந்தக்காரனும் காரும் இல்லாதவனை எனக்குச் சமமாக்குகிறது.

அன்றைக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். முதலில் கண்ணில் பட்ட பஞ்சர் கடை பூட்டியிருந்தது. இரண்டாவது, லாரி டயர் பார்க்கிற கடை. அண்ணன் முகம் சுளிக்காமல் மூன்று டியூபுக்கும் ஒட்டுப் போட்டார். அவருடைய கம்ப்ரஸர் என் டியூபின் ஒல்லி மூக்குக்குப் பொருந்தவில்லை. என் குட்டிப் பம்பைத்தான் அடிக்க வேண்டியிருந்தது. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, எட்டாவது படிக்கிற அவர் மகன் பம்பைப் பிடுங்கிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான். கிரிஸ்டோஃப் கதை அப்போது எனக்குத் தெரியாது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தெக்ரான்ஜ் இருந்திருந்தால் எனக்கும் 10 நிமிடம்.

ரெண்டரை மணி நேரம் போயிருந்தது. ராத்திரி 2 மணிக்குள் வந்திருக்க வேண்டியவன், 2.22-க்குப் போய்ச் சேர்ந்தேன். தன்னார்வலர் கார்டை வாங்கி நேரத்தைப் பார்த்துவிட்டு, "சாரி சார், டீ சாப்பிடறீங்களா?" என்றார். அந்த 300 என் கணக்கில் இல்லை.

மச்சான் இன்னும் கிண்டல் பண்ணுகிறார். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு முன்னாலும் பின்னாலும் ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் மதுராந்தகத்தில் மச்சான் உள்ளவன் நான் ஒருத்தன்தான். பஞ்சர் கடை எல்லோருக்கும் இருந்தது.

அடுத்த 300 டிசம்பரில். இந்தத் தடவை புதுப் பசை வாங்கிவிட்டேன்.