பார்க்கின்சன்: ஒரு பேட்டை டாக்டரின் கண்

பார்க்கின்சன் நோய்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு நரம்பியல் நிபுணர்னுதான் பலரும் நினைக்கிறாங்க. இல்லை. அவர் காலத்தில் அப்படி ஒரு துறையே தனியாகக் கிடையாது. லண்டனில் ஹாக்ஸ்டன் என்கிற பகுதியில், அப்பா செய்த அதே வைத்தியத் தொழிலைச் செய்த பேட்டை டாக்டர் அவர். ஓய்வு நேரத்தில் புதைபடிவங்கள் சேகரிப்பார்.

1817-ல் ‘நடுக்கு வாதம்’ பற்றி ஒரு சின்ன நூல் வெளியிட்டார். அதற்கு ஆதாரம் மொத்தமே ஆறு பேர்தான். அதிலும் இரண்டு பேர் தெருவில் தற்செயலாகக் கண்ணில் பட்டவங்க. இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கை நடுங்குவது, உடம்பு முன்னால் சாய்வது, நடக்கப் போய் அது ஓட்டமாக மாறுவது எல்லாம் ஒரே நோயின் அடையாளங்கள் என்று அவர்தான் சேர்த்துப் பார்த்தார்.

ஆனால் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்க்க அவருக்கு வாய்ப்பில்லை. அதை நூலிலேயே வெளிப்படையாகச் சொல்லி, உடற்கூறு ஆராய்கிறவங்க காரணத்தைத் தேடணும்னு கேட்டுக்கிட்டார். 1824-ல் இறந்தும் போனார்.

பிறகு வந்தவர் பாரிஸின் ஷார்கோ. சால்பெத்ரியேர் என்ற பிரம்மாண்டமான மருத்துவமனையே அவர் கையில் இருந்தது. சிலருக்கு நடுக்கமே இல்லை, பலமும் குறையலை. அப்புறம் எப்படி இது ‘நடுக்கு வாதம்’ ஆகும்? அதனால்தான் பார்க்கின்சன் பெயரையே நோய்க்கு வைக்கலாம் என்றார்.

பார்க்கின்சன் கேட்ட கேள்விக்குப் பதில் 1919-ல்தான் தெளிவானது. நடுமூளையில் கருநிறமாக இருக்கும் ஒரு பகுதியில் செல்கள் அழிந்திருப்பதை த்ரெத்தியாகோஃப் தன் ஆய்வேட்டில் காட்டினார். இடையில் போனது நூற்றிரண்டு வருஷம்.