டிக்கோச்சின்: கோட்டையும் சுவரெழுத்தும்

ஹென்ரிக் சியன்கியேவிச்சின் ‘பிரளயம்’ நாவலை ஆங்கிலத்தில் படித்தபோதுதான் டிக்கோச்சின் என்ற ஊர்ப்பெயர் எனக்கு முதலில் தட்டுப்பட்டது. ஸ்வீடன் பக்கம் சாய்ந்த பிரபு யானுஷ் ராஜிவில் அங்கே முற்றுகைக்குள் சாகிறான். அவன் சாவும் கோட்டையின் வீழ்ச்சியும் நாவலில் ஒன்றாகவே நேர்கின்றன. சரித்திரத்தில் அவன் இறந்தது 1655 டிசம்பர் 31. கோட்டை விழுந்தது 1657 ஜனவரியில். இடையில் கிடந்த ஓராண்டை விழுங்கிவிட்டதற்காக நாவலாசிரியரிடம் எனக்குப் புகார் இல்லை. துரோகத்துக்கும் தண்டனைக்கும் நடுவே ஓராண்டு சும்மா கழிவதைச் சரித்திரம்தான் தாங்கும்.

ஊர் சிறியது, வடகிழக்குப் போலந்தில், நாரெவ் ஆற்றங்கரையில். பதினாறாம் நூற்றாண்டில் மன்னன் இரண்டாம் ஸிகிஸ்மண்ட் அகஸ்டஸ் கோட்டையை விரித்துக் கட்டி, பீரங்கிகளைக் குவித்த இடத்திலேயே தன் ஆயிரக்கணக்கான புத்தகங்களையும் கொண்டுவந்து வைத்தான். நூலகர் லூகாஷ் குர்னிட்ஸ்கி. காஸ்டிலியோனேயின் இத்தாலிய நூலை 1566-இல் ‘போலந்து அரசவையாள்’ என்று தழுவி எழுதியவர். உர்பினோ அரண்மனையில் நடக்கும் உரையாடலைக் கிராக்கோவுக்குப் பக்கத்து மாளிகைக்கு மாற்றினார். பேச்சில் கலந்துகொண்ட பெண்களை நீக்கிவிட்டார். தழுவல் எதைத் தருகிறது என்பதைவிட எதை வெளியே நிறுத்துகிறது என்று பார்ப்பதே விமர்சகனுக்கு லாபம்.

1572-இல் மன்னன் இறந்தான். உடல் இந்தக் கோட்டையில் காத்துக்கிடந்து, 1574-இல்தான் கிராக்கோவில் அடக்கமாயிற்று. புத்தகங்களில் பெரும்பகுதி உயில்படி வில்னாவின் ஏசுசபையினருக்குப் போயிற்று. பிறகு யுத்தங்கள், 1734-இல் தீ. மிஞ்சிய கல்லை வேறு கட்டடங்களுக்குப் பெயர்த்துக்கொண்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையின் ஒரு பகுதியைத் திரும்பக் கட்டினார்கள். இன்று அதற்குள் ஒரு ஹோட்டல் இருக்கிறது.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது கோட்டையல்ல.

1522-இல் க்ரோட்னோவிலிருந்து சில யூதக் குடும்பங்கள் இங்கே அழைத்துவந்து குடியமர்த்தப்பட்டன. அந்தச் சமூகம் 1642-இல் எழுப்பிய தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. அதன் உட்சுவர்களில் ஹீப்ருவிலும் அராமிக்கிலும் பிரார்த்தனைகள் தீட்டப்பட்டிருக்கின்றன, பெரிய பெரிய பக்கங்களைப் போல. கையில் புத்தகம் இல்லாதவனும் தலைநிமிர்ந்து வாசிக்கலாம். மன்னனின் நூலகத்தில் நுழைய முடியாத ஊருக்கு இது நூலகம் என்று எனக்குப் படுகிறது.

1941 ஆகஸ்ட் 25 அன்று நாஜிகள் யூதர்களைச் சந்தைச் சதுக்கத்தில் கூட்டினார்கள். அன்றும் மறுநாளும் லோபுஹோவோ காட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைச் சுட்டுக் குழிகளில் தள்ளினார்கள். ஊரில் கிட்டத்தட்டப் பாதி. போருக்குப் பிறகு தொழுகைக் கூடம் கொஞ்சகாலம் உரக் கிடங்காக இருந்தது. 1970-களில் செப்பனிட்டு மியூசியமாக்கினார்கள்.

எங்கள் வங்கியில், நெடுங்காலமாக யாரும் தொடாத கணக்குகளுக்குத் தனிப் பேரேடு உண்டு. இருப்பு இருக்கும், ஆள் வரமாட்டான். டிக்கோச்சின் சுவர்களின் புகைப்படத்தைப் பார்க்கும்போது அந்தப் பேரேட்டின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. எழுத்துகளுக்குப் புதிதாகச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சுற்றுலாவாசிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, படிக்கத் தெரியாமல், அண்ணாந்து பார்க்கிறார்கள்.