பகலுக்கு ஓர் அலைவரிசை, இரவுக்கு ஓர் அலைவரிசை

அகில இந்திய வானொலியின் போர்ட் பிளேர் நிலையம், தன் சிற்றலை ஒலிபரப்பைக் காலையிலும் இரவிலும் 4760 கிலோஹெர்ட்ஸிலும் பகலில் 7390 கிலோஹெர்ட்ஸிலும் நடத்தி வந்தது. நாட்டின் பிற சிற்றலை ஏ.எம். நிலையங்கள் பலவும் இவ்வாறே பொழுதுக்கேற்ப அலைவரிசை மாற்றின. இம்மாற்றத்தின் காரணம் வானில் இருக்கிறது. அதைச் சார்ந்து நிற்க நேர்ந்ததன் காரணமோ 1930களின் கொள்கை முடிவொன்றில் இருக்கிறது.

1902இல் பிலடெல்பியா என்னும் கப்பலில் சென்ற மார்க்கோனி, பகலில் ஏறத்தாழ 700 மைலோடு மங்கிய குறிகள் இரவில் 2000 மைலுக்கு அப்பாலும் கேட்பதைக் கண்டார். அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்புவது அயனி மண்டலம் என்பது பின்னரே தெளிவாயிற்று. பகலில் அதன் கீழடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளை உறிஞ்சிவிடும். எனவே உயர்ந்த அலைவரிசை தேவை. இரவில் கீழடுக்கு மறைகிறது. மேலடுக்கும் மெலிவதால் உயர்ந்த அலைகள் அதைக் கடந்து விண்வெளிக்குச் சென்றுவிடும். எனவே அலைவரிசையைத் தாழ்த்த வேண்டும். கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ராவும் அவர்தம் மாணவர்களும் 1930களில் இவ்வடுக்குகளை ஆராய்ந்தனர்.

1936இல் அகில இந்திய வானொலி எனப் பெயர் பெற்ற அமைப்பின் தலைமைப் பொறியாளர் சி. டபிள்யூ. காய்டர். 1924இல் லண்டனில் பள்ளி மாணவராக இருந்தபோதே நியூசிலாந்துடன் சிற்றலையில் இருவழித் தொடர்பு கொண்டவர் அவர். துணைக்கண்டம் முழுமைக்கும் மத்திய அலை நிலையங்கள் அமைக்கப் போதிய நிதி இல்லை. வெப்பமண்டல இடிமின்னலின் இரைச்சலும் மத்திய அலையைக் கெடுத்தது. ஆகவே, சில சிற்றலை நிலையங்களைக் கொண்டே நாட்டை எட்டும் திட்டம் உருவாயிற்று. 1937 டிசம்பரில் தில்லியிலும், 1938இல் பம்பாய், சென்னை, கல்கத்தாவிலும் சிற்றலை ஒலிபரப்பு தொடங்கியது.

அரசுக்கு மிச்சமான செலவில் ஒரு பகுதி நேயரின் தோளில் ஏறியது. தொலைவில் இருந்தவருக்கு மத்திய அலை மட்டும் எடுக்கும் மலிவான பெட்டி போதவில்லை. சிற்றலைப் பெட்டி வேண்டும். உயரமான வான்கம்பி வேண்டும். எந்தப் பொழுதில் எந்த மீட்டர் என்ற அறிவும் வேண்டும். 1939 இறுதியில் வானொலி உரிமங்கள் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. நிலப்படத்தில் நாடு முழுவதும் பரவிய ஒலி, மக்களில் ஒரு சிறு வட்டத்துக்கே கேட்டது.

பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் பெட்டி அவ்வட்டத்தை விரித்தது. அந்தமான், லடாக், வடகிழக்கு மலைகள் ஆகியவற்றின் தொலைவூர்களுக்குச் சிற்றலை நெடுங்காலம் துணைநின்றது. இன்று அந்நிலையங்களுள் பல மூடப்பட்டுவிட்டன. ஒலிபரப்பு வரலாற்றைக் கோபுரங்களின் பட்டியலாக மட்டும் எழுதினால், அந்தி சாயும்போது முள்ளைத் திருப்பி நிலையத்தைத் தேடிய கை அதில் இடம்பெறாது. எட்டிய பரப்பும் கேட்ட மக்களும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவும் ஆய்வுக்குரியதே.