ஒரு டோனட்டும் அறுபது வருஷக் கோபமும்

"நன்கொடையா? அதெல்லாம் யார் பாக்கெட்டுக்குப் போகுதோ, நான் தர்றதா இல்ல." டீக்கடையில் ஆரம்பித்து ஆபீஸ் கேன்டீன் வரைக்கும் எல்லோரும் கேட்ட டயலாக்தான் இது. நாமளே சொல்லியும் இருப்போம். இப்படிச் சொன்னதுக்காக ஒருத்தர் மேல் உளவுச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள் என்றால் நம்புவீர்களா? போட்டார்கள். 1918-ல். பேச்சுச் சுதந்திரத்துக்குப் பேர்போன அமெரிக்காவில்தான்.

தர்மத்துக்குப் பணம் கேட்பவர்கள் மேல் மக்களுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்று படிக்க ஆரம்பித்தேன். அது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நூறு வருஷக் கதையில் கொண்டுபோய் விட்டது. (நம்ம ஊர் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ல் தனிச் சட்டத்தின் மூலம் வந்தது. அது வேற, இது வேற. குழப்பிக்க வேண்டாம்.) கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகம் உள்ளவர்கள் சனிக்கிழமை வந்து படிக்கவும் :-)

ஜன்னலில் தொங்கிய சிலுவை

1914-ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தில் இருந்த உறுப்பினர்கள் சுமார் 17,000 பேர். 1918-ல்? பெரியவர்கள் 2 கோடிக்கு மேல், பள்ளிப் பிள்ளைகள் 1 கோடியே 10 லட்சம். அன்றைக்கு நாட்டின் ஜனத்தொகையே பத்து கோடி சொச்சம்தான். கிட்டத்தட்ட மூணு பேரில் ஒருத்தர்!

நாலு வருஷத்தில் இது எப்படி நடந்தது? 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. மே மாதம் ஜனாதிபதி உட்ரோ வில்சன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு 'போர்க் கவுன்சில்' அமைத்து, ஹென்றி டேவிசன் என்பவரைத் தலைவராகப் போட்டார். டேவிசன் டாக்டர் இல்லை. ஜே.பி. மார்கன் நிறுவனத்தின் பங்குதாரர், பக்கா பேங்கர். ஜூன் மாதம் ஒரே வாரத்தில் பத்து கோடி டாலர் திரட்டுவது என்று இலக்கு வைத்தார். குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து தலைக்கு ஒரு டாலர் என்று கணக்குப் பண்ணிக்குங்க. இலக்கைத் தாண்டி வசூலானது. 1918 மே மாதம் மறுபடியும் அதே இலக்கு. அதையும் தாண்டியது.

அந்தப் பணம் வீணாகப் போனது என்று சொல்ல வரவில்லை. ஆம்புலன்ஸ், நர்சுகள், ஆஸ்பத்திரி, அகதிகளுக்குச் சாப்பாடு என்று நிஜமான வேலை நடந்தது. நான் பார்ப்பது வசூல் நடந்த விதத்தை.

உறுப்பினர் ஆனால் சட்டையில் குத்த ஒரு பட்டன், வீட்டு ஜன்னலில் தொங்கவிட ஒரு சிலுவைக் கொடி. நம்ம ஊர் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று பேர் எழுதுவோமே, அதுகூடத் தேவலை. அங்கே குடுத்தவன் பேர்தான் தெரியும், குடுக்காதவன் யாருன்னு தெரியாது. இங்கே தெரு பூரா கொடி தொங்கும்போது, கொடி இல்லாத வீடு மட்டும் கண்ணில் குத்தும். கொடி இல்லையா, அப்ப நீ 'ஸ்லாக்கர்'. அதாவது நாடு போர்ல இருக்கும்போது நழுவுறவன். அதே நாட்களில் அரசாங்கத்தின் போர்க்கடன் பத்திரம் வாங்காதவர்கள் வீட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்த சம்பவங்களும் நடந்தன. ஜெர்மானிய வம்சாவளி விவசாயிகளும், போரே பாவம் என்று நம்பிய மென்னோனைட் கிறிஸ்தவர்களும் இதில் நிறையவே பட்டார்கள்.

சந்தேகப்பட்டால் குற்றம்

இந்தச் சூழலில்தான் நம்ம வழக்கு வருகிறது. விஸ்கான்சின் மாநிலம், மேடிசன் நகரம். லூயிஸ் நாக்லர் என்பவர் சாதாரண ஆள் இல்லை, அந்த மாநில அரசில் துணைச் செயலர் பதவியில் இருந்தவர். செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் நிதி கேட்டு வந்தவர்களிடம், இதெல்லாம் கொள்ளை, இனி நான் தருவதாக இல்லை, வசூலாகும் பணத்தில் பத்துப் பதினைஞ்சு சதவீதம் தாண்டி சிப்பாய்களுக்குப் போய்ச் சேராது என்ற ரீதியில் பேசிவிட்டார்.

அவ்வளவுதான். 1917-ல் வந்த உளவுச் சட்டத்தின் கீழ் வழக்கு. ராணுவத்தின் வெற்றிக்கு இடையூறு செய்யும் நோக்கத்தோடு பொய் சொல்வது அந்தச் சட்டப்படி குற்றம். சரி, தர்ம ஸ்தாபனத்தைத் திட்டினால் ராணுவத்துக்கு என்ன வந்தது? இங்கேதான் நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்தது பாருங்க. செஞ்சிலுவையும் ஒய்.எம்.சி.ஏ.வும் படையோடு சேர்ந்து அதன் வேலையைச் செய்கின்றன, அதனால் இந்தச் சட்டத்தின் பார்வையில் அவையும் ராணுவத்தில் அடக்கம்! வழக்கு செல்லும் என்றார்கள். நாக்லர் குற்றவாளி என்றும் தீர்ப்பானது.

நாக்லர் சொன்ன சதவீதக் கணக்கு சரியா தப்பா என்பது வேற விஷயம். தப்பு என்றால், 'இதோ கணக்கு, பாத்துக்கோ' என்று மூஞ்சியில் அடித்த மாதிரி காட்டியிருக்கலாம். அதுக்குப் பதிலா கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு விஷயம் கவனிச்சீங்களா? நூறு வருஷம் கழிச்சு நமக்கு வாட்ஸப்பில் வரும் ஃபார்வர்டும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான். 'நீங்க குடுக்குற நூறு ரூபாய்ல இத்தனை ரூபாதான் போய்ச் சேருது.' சந்தேகப்பட்டவரைத் தண்டித்தார்கள், சந்தேகத்துக்குப் பதில் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

டோனட் மேட்டர்

இப்ப இரண்டாம் உலகப்போர். கடல் தாண்டிப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்காக செஞ்சிலுவைச் சங்கம் ஊர் ஊராக கிளப் நடத்தியது. காபி, டோனட், படுக்க இடம் எல்லாம் உண்டு. வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் வந்த பையனுக்கு அந்த டோனட் வெறும் பலகாரம் இல்லை, ஊர் ஞாபகம்.

1942-ல் போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன், சங்கத்தின் தலைவர் நார்மன் டேவிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளப்களில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சிப்பாய்களிடம் காசு வாங்குங்கள் என்று. காரணம், பிரிட்டிஷ் சிப்பாய்கள் அவர்களுடைய கேன்டீனில் காசு கொடுத்துத்தான் சாப்பிட்டார்கள். அமெரிக்கனுக்குச் சம்பளமும் அதிகம், சாப்பாடும் ஓசி என்றால் கூட்டணிக்குள் புகைச்சல் வரும். சங்கம் ஆட்சேபம் சொல்லிப் பார்த்தது, எடுபடவில்லை. கடைசியில் காசு வாங்க ஆரம்பித்தது.

தொகை என்னவோ சில்லறைதான். ஆனா கோபம் சில்லறை இல்லை. போர் முடிந்து சிப்பாய்கள் தாத்தா ஆன பிறகும், 'செஞ்சிலுவைக்குக் காலணா தர மாட்டேன், டோனட்டுக்குக் காசு வாங்கினவங்க' என்று பேரன் பேத்தியிடம் சொன்னார்கள். அறுபது வருஷம் கழித்தும் சங்கம் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு கோபம்? அத்தை வீட்டுக்குப் போறீங்க. இலை போட்டு, வடை பாயசத்தோட சாப்பாடு. கிளம்பும்போது வாசல்ல வந்து, 'ஐம்பது ரூபா எடுத்து வச்சுட்டுப் போப்பா' என்றால் எப்படி இருக்கும்? அதே ஐம்பதை ஹோட்டலில் சந்தோஷமாக் குடுப்போம், டிப்ஸும் வைப்போம். இங்கே பிரச்சினை காசு இல்லை, உறவுன்னு நினைச்சது வியாபாரமா மாறினது. அதுவும் அந்தச் சிப்பாயின் அம்மா அப்பா ஊரில் அதே சங்கத்துக்கு நிதி கொடுத்திருப்பார்கள்.

இதில் கொடுமை என்னன்னா, உத்தரவு அரசாங்கத்தோடது, கெட்ட பேர் சங்கத்தோடது. முதல் போரில் அரசாங்கத்தின் நிழலில் நின்றதால் வசூல் கொட்டியது. இரண்டாம் போரில் அதே நிழலுக்குத்தான் விலை கொடுக்க வேண்டிவந்தது.

சம்பளத்தில் பிடித்தம்

போர்க்காலம் இன்னொன்றையும் விட்டுப்போனது. 1943-ல் அமெரிக்காவில் வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடிக்க ஆரம்பித்தார்கள். வரியைப் பிடிக்க முடியும் என்றால் நன்கொடையையும் பிடிக்கலாமே! பொட்டி தட்டுற நமக்கெல்லாம் பழக்கமான 'ஒரு நாள் சம்பளம்' மெயிலின் தாத்தா இதுதான். 'நம்ம டீம்ல நூறு சதவீதம் வரணும்' என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அது வேண்டுகோளா உத்தரவா என்று அப்ரைசல் நெருங்கும் மாதத்தில் யாருக்குமே சந்தேகம் வராது :-)

அமெரிக்க அரசு ஊழியர்களுக்கான கூட்டு நிதித் திட்டம் 1961-ல் தொடங்கியது. அதன் விதிகளைப் படித்தால் சுவாரசியமாக இருக்கும். மேலதிகாரி தன் கீழ் வேலை செய்பவரிடம் கேட்கக்கூடாது. கொடுத்தாயா என்று விசாரிக்கக்கூடாது. நூறு சதவீதப் பங்கேற்பு என்று இலக்கு வைக்கக்கூடாது. கொடுக்காதவர்கள் பட்டியல் போடக்கூடாது. இத்தனை 'கூடாது' சும்மா வருமா? இதெல்லாம் நடந்த பிறகுதானே விதி வரும்.

அலுவலக வசூலின் பெரிய அண்ணன் யுனைடெட் வே. இருபது வருஷத்துக்கு மேல் அதன் தேசியத் தலைவராக இருந்த வில்லியம் ஆரமோனி, சொகுசுச் செலவுகள் பத்திரிகையில் வந்ததும் 1992-ல் பதவி விலகினார். 1995-ல் மோசடி வழக்கில் ஏழு வருஷத் தண்டனை. சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த தொழிலாளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கும்பாபிஷேக நிதி

2001 செப்டம்பர் 11. நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் 'லிபர்ட்டி ஃபண்ட்' என்று தனி நிதி தொடங்கியது. சில வாரங்களில் 50 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அதில் கணிசமான பகுதியை எதிர்காலத் தாக்குதல்களுக்கான தயாரிப்பு, ரத்த இருப்பு, தொலைத்தொடர்பு வசதி என்று ஒதுக்க நினைத்திருக்கிறார்கள்.

நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் இது திருட்டு இல்லை, புத்திசாலித்தனம் என்றுகூட வாதாடலாம். ஆனா கோயில் கும்பாபிஷேகம்னு வசூல் பண்ணிட்டு, மிச்சத்துல கமிட்டி ஆபீசுக்கு போன் கனெக்‌ஷன் வாங்கினா ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. தலைவர் பெர்னடீன் ஹீலி அக்டோபர் கடைசியில் ராஜினாமாவை அறிவித்தார். நவம்பரில் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. நவம்பர் 14 அன்று, முழுப் பணமும் செப்டம்பர் 11-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கே என்று சங்கம் அறிவித்தது. அடுத்த வருஷம், எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கிறோம் என்று கொடுப்பவரிடமே உறுதிசெய்துகொள்ளும் முறையையும் கொண்டுவந்தது.

இங்கே நின்று யோசித்தேன். 1918-ல் கேள்வி கேட்டவர் கூண்டில் நின்றார். 2001-ல் கேள்விக்குப் பதில் சொல்ல சங்கம் போய் உட்கார்ந்தது. இடையில் 83 வருஷம். மாறியது மக்களின் தாராள மனசு இல்லை, கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு என்ற எண்ணம்.

போதும் என்று சொன்னவர்கள்

இந்த எண்ணத்தின் உச்சம் என்று நான் நினைப்பது நம்ம கரையோடு சம்பந்தப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். உலகம் பூராவும் இருந்து பணம் கொட்டியது. பணம் மட்டுமா, லாரி லாரியாகப் பழைய துணியும் வந்து ரோட்டோரம் மலையாகக் கிடந்தது. மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல், கொடுப்பவர் கையில் இருந்ததைக் கொடுத்தால் அப்படித்தான்.

சுனாமி வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு ஒரு அறிவிப்பு விட்டது. சுனாமி வேலைக்குத் தேவையான பணம் எங்களுக்கு வந்துவிட்டது, இனி இந்தக் கணக்கில் வாங்கமாட்டோம், விரும்பினால் வேறு பணிகளுக்குத் தாருங்கள் என்று. ஏற்கெனவே கொடுத்தவர்களிடமும் மிச்சத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று அனுமதி கேட்டார்கள். வசூல் சூடு ஆறாத நேரத்தில் 'போதும்' என்றால் மற்ற அமைப்புகளுக்குக் கோபம் வராதா? வந்தது, திட்டினார்கள். ஆனா கொடுத்தவர்களில் மிகச் சிலர்தான் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மற்றவர்கள் 'சரி, எடுத்துக்குங்க' என்றுவிட்டார்கள்.

லிபர்ட்டி ஃபண்டில் செய்ய நினைத்ததும் கிட்டத்தட்ட இதேதான் - மிச்சத்தை வேறு வேலைக்குத் திருப்புவது. ஒரு இடத்தில் ராஜினாமா, இன்னொரு இடத்தில் மரியாதை. வித்தியாசம் என்ன? கேட்டுவிட்டுச் செய்தார்கள். அவ்வளவே.

அதனால் சதவீதம் கேட்பது மட்டும் போதாது என்று தோன்றுகிறது. சம்பளம், வாடகை, ஆடிட்டர் எல்லாம் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது, நிவாரணமும் நடக்காது. எதற்கு என்று சொல்லி வாங்கினாய், அதற்குச் செலவழித்தாயா, மாற்றினால் என்னிடம் கேட்டாயா - இந்த மூணு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கேட்டாலே 'உனக்கு இரக்கமில்லையா, நாட்டுப்பற்று இல்லையா' என்று பாய்பவரிடம் உஷாராக இருக்கலாம்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம்ம ஊரில் சொல்வார்கள். பொதுவாக அதை, வாங்குபவன் தகுதியானவனா பார் என்றுதான் அர்த்தம் பண்ணுகிறோம். நடுவில் உண்டியல் வைத்திருப்பவரையும் அந்தப் பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டால் தப்பில்லை.

உங்க ஆபீஸ் 'நூறு சதவீத' அனுபவங்கள் இருந்தால் பின்னூட்டத்தில் போடுங்கள். கம்பெனி பேர் வேண்டாம், அப்ரைசல் முக்கியம் :-)