பேழையில் இட்ட துளை

அரசர்கள் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம் மறையுரைகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. குருக்களாகிய எங்களுக்கு அது சற்றுக் கூச்சம் தரும் பகுதி. கோவிலைப் பழுதுபார்க்க யோவாசு அரசர் காணிக்கைப் பணத்தைக் குருக்களிடம் ஒப்படைத்தார். அவரது ஆட்சியின் 23-ஆம் ஆண்டாகியும் விரிசல்கள் அப்படியே இருந்தன. அதன் பின்னரே குரு யோயாதா ஒரு பேழையின் மூடியில் துளையிட்டுப் பீடத்தருகே வைத்தார். அதில் விழுந்த பணம் வேலையாட்களுக்கே போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவின் மிசூரி மாநில மக்கள் 1984-இல் இத்தகைய பேழையொன்றைத் தங்கள் அரசியலமைப்புச் சட்டத்திலேயே வைத்தனர். அங்கே மாநிலப் பூங்காக்களுக்கான நிதி 1917-இல் தோன்றியது. வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கே அதன் ஊற்று. 1937-இல் வனவிலங்குப் பணி தனி ஆணையத்திடம் சென்றபோது அந்த ஊற்று வற்றியது. பூங்காக்கள் ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் கையை எதிர்பார்த்து நின்றன. மாநில வருவாய் குறையும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது இத்தகைய செலவுதானே! மரமும் ஓடையும் மனுக்கொடுக்க வருவதில்லை.

மண்ணின் நிலையும் கவலைக்கிடமாயிற்று. மண் அரிப்பில் மிசூரி அந்நாட்டின் மிக மோசமான மாநிலங்களுள் ஒன்றாயிருந்தது. எனவே 1984-இன் திருத்தம் இரண்டையும் இணைத்தது: விற்பனை வரியாக 1,000 டாலருக்கு ஒரு டாலர், அதில் பாதி பூங்காக்களுக்கு, மறுபாதி சரிவு நிலங்களில் மண்ணைக் காக்கும் உழவர்களுக்கு. வேறு செலவுக்கு அதைத் திருப்பச் சட்டமன்றத்திற்கு அதிகாரமில்லை. நிலத்தைப் பேணுவது விசுவாசத்தின் கடமை என்று வலியுறுத்திய கத்தோலிக்க ஊரக வாழ்வு மாநாடு 1923-இல் இதே மாநிலத்தின் புனித லூயி நகரில்தான் பிறந்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

விற்பனை வரி ஏழையின் ரொட்டியிலும் கைவைக்கும் என்ற மறுப்பு நியாயமானதே. திருச்சபையின் சமூகப் போதனையை அறிந்தவர் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் மிசூரியின் மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. அந்த ஏழையின் பிள்ளைகளும் காசின்றி உள்ளே செல்கின்றனர். கட்டணத்தை நம்பும் பூங்காவில் அவர்கள் வாசலோடு நின்றுவிடுவர்.

பணம் இருந்தால் மட்டும் போதுமா? கலிபோர்னியா 2011-இல் பணமில்லை என்று 70 பூங்காக்களை மூடப்போவதாக அறிவித்தது. ஊர்மக்களும் அறநிறுவனங்களும் நிதி திரட்டி அவற்றைக் காக்க முயன்றனர். 2012 ஜூலையில் பூங்காத் துறையின் இரு நிதிகளில் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர், மாநில நிதித்துறைக்குத் தெரிவிக்கப்படாமலே இருந்தது வெளிப்பட்டது. துறையின் இயக்குநர் பதவி விலகினார். யோவாசின் குருக்கள் நினைவுக்கு வருகின்றனர்.

மிசூரியின் வரியோ நிரந்தரமானதன்று. மக்கள் மீண்டும் மீண்டும் வாக்களித்தே அதைப் புதுப்பிக்க வேண்டும். 1984-இல் மயிரிழையில் வென்றது. 1988, 1996, 2006 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. 2016-இல் வாக்களித்தோரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஆம் என்றனர்.